யாருக்கெல்லாம் புள்ளடி

மே 9, சனி

வியாழக்கிழமை லண்டன் கவுன்சில் தேர்தலில் வாக்குச்சீட்டில் மூன்று பெயருக்கு நேரே புள்ளடி போட்டேன். எங்கள் வட்டாரத்துக்கு மூன்று கவுன்சிலர், அதனால் மூன்று. அது விளங்குகிறது. ஆனால் இன்று தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் செயலாளர் வைத்தியநாதன் சொன்னதுதான் விளங்கவில்லை. ஜூனில் வரும் பள்ளிக்கூடத் தலைவர் தேர்தலில் பதவி ஒன்றுதான், ஆனாலும் பிடித்த எல்லாருக்கும் புள்ளடி போடலாமாம். கூடுதலாக யாருக்கு விழுகிறதோ அவர் தலைவர்.

"ஒரு ஆளுக்கே ரெண்டு போடலாமோ?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, ஒருத்தருக்கு ஒண்ணுதான். எத்தனை பேருக்கு வேணும்னாலும் போடுங்க."

இடம் ஒன்றென்றால் வாக்கும் ஒன்றுதானே? இதென்ன புதுக் கூத்து?

மே 10, ஞாயிறு

யோசித்தால் ஏன் என்று தெரிகிறது. போனமுறை என் வீட்டுக்காரர் இவரும் என் கூடப்பிறந்த சபாரத்தினம் அண்ணையும் எதிரெதிராக நின்றார்கள். பெற்றோர் இரண்டாகப் பிரிந்தார்கள். யாருக்கும் பிடிக்காத ஒருவர் தன் சொந்தக்காரரைக் கூட்டிவந்து நடுவால் வென்றுபோனார். அன்று கை உயர்த்தித்தான் வாக்கு. நான் இவருக்கு உயர்த்தினேன், அண்ணை பார்த்துக்கொண்டே நின்றார். அதோடு எங்கள் வீட்டுக்கு வருவதை விட்டுவிட்டார். அவர் இருக்கும் பிளேஸ்டோவிலிருந்து எங்கள் பார்க்கிங் ஊருக்கு என்ன பெரிய தூரமா?

இந்த முறையும் இரண்டு பேரும் நிற்கிறார்கள். நான் என்ன செய்ய?

மே 16, சனி

வைத்தியநாதன் ஒத்திகை வைத்தார். ஆண்டு விழாவுக்கு வடையா, ரோல்ஸா, கட்லட்டா? சமைக்கும் மூன்று பேரும் முன்வரிசையில் இருந்தார்கள். யார் மனதையும் நோகடிக்கக்கூடாதென்று எல்லாரும் மூன்றுக்கும் போட்டோம். மூன்றும் சமம்! மனிதர் தலையில் கைவைத்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் போட்டா எதுக்குமே போடாத மாதிரிதாங்க!"

மே 17, ஞாயிறு

அப்படியென்றால் இவருக்கும் அண்ணைக்கும் போட்டால் அவர்களுக்குள் என் வாக்கு எதையும் தீர்மானிக்காது. எனக்கு அதுதானே வேண்டும். யார் கேட்டாலும் "ஓம், உங்களுக்குப் போட்டனான்" என்று பொய்யில்லாமல் சொல்லலாம். என்ன நிம்மதி!

மே 20, புதன்

மேனுஷாவும் நிற்கிறாள். குளிரிலும் மழையிலும் முதல் ஆளாக வந்து கதவு திறப்பவள், சின்னப் பிள்ளைகளின் ரீச்சர். "எனக்கு ஆரும் போடமாட்டினம் அன்ரி, சும்மா ட்ரை பண்ணுறன்" என்று சிரித்தாள்.

இப்போது கணக்கு மாறுகிறது. இரண்டு ஆண்களுக்கும் நான் போடும் புள்ளடி ஒவ்வொன்றும் இவளைப் பின்னுக்குத் தள்ளும். அவளுக்கும் சேர்த்துப் போட்டால் வடை, ரோல்ஸ், கட்லட் கதைதான். மைக் யாருக்கு என்று சண்டை பிடிக்கிற இவர்கள் இரண்டு பேரும் ஒரு நாளாவது கதவு திறந்திருக்கிறார்களா? கோபம் வருகிறது.

ஜூன் 6, சனி

இன்று வாக்கெடுப்பு. பள்ளிக்கூட வாசலில் இவர், "நீர் எனக்குத்தானே?" என்றார். உள்ளே அண்ணை கன நாளைக்குப் பிறகு என்னோடு கதைத்தார்: "ரெண்டு பேருக்கும் போடலாமாம், தங்கச்சி." கண் கலங்கிவிட்டது.

மறைப்புக்குப் பின்னால் போனேன். முதலில் மேனுஷா. பிறகு மற்ற இரண்டு பெயரையும் பார்த்துக்கொண்டு நின்றேன். கை போகவில்லை. மடித்துப் பெட்டிக்குள் போட்டுவிட்டேன்.

ஜூன் 7, ஞாயிறு

மேனுஷாதான் தலைவர். இவரின் ஆட்களும் அண்ணையின் ஆட்களும் எதிர்ப்பக்கத்துக்குப் போட மனமில்லாமல் இரண்டாவது புள்ளடியை அவளுக்குப் போட்டிருக்கிறார்கள். இப்படித்தான் இது வேலை செய்கிறது!

மத்தியானம் இவரின் போன் அடித்தது. அண்ணை. ஸ்பீக்கரில் போட்டார்.

"என்ன மச்சான், சின்னப் பெட்டை எங்கள் ரெண்டு பேரையும் வீட்டுக்கு அனுப்பிப்போட்டாள்."

இவர் விழுந்து விழுந்து சிரித்தார். "பரவாயில்லை மச்சான், எங்கள் ரெண்டு பேருக்கும் போட்ட ஒரு ஆள் இஞ்ச இருக்கிறா."

"ஓம், அவள் ஆரையும் விட்டுக்குடுக்கமாட்டாள், பாவம்."

வருகிற ஞாயிறு அண்ணை சாப்பிட வருகிறார். நான் மேனுஷாவுக்கு மட்டும் போட்டது பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். மீன்கடையில் நண்டுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.