நாற்காலித் தேர்வில் உன் அப்பா

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. இருவரும் நலம் என்று எழுதினால் நீ நம்பமாட்டாய், நலமில்லை என்று எழுதினால் அடுத்த விமானத்தில் ஏறிவிடுவாய், ஆகவே தினமும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம் என்று எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் அங்கே சுகமாக இருக்க வேண்டும். போனில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் நல்லபடியாகப் போகிறது என்றுதான் சொன்னேன், உன் அப்பா பக்கத்திலேயே காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், வேறென்ன சொல்வது. இப்போது நடைப்பயிற்சிக்குப் போயிருக்கிறார், நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

கல்லீரலை மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொன்னது உனக்குத் தெரியும். ஆனால் சொன்ன கையோடு காத்திருப்போர் பட்டியலில் பெயரைச் சேர்த்துவிட மாட்டார்களாம், அத்தனை பெரிய ஆபரேஷனை இதயம் தாங்குமா, முடிந்தபின் எழுந்து நடமாட உடம்பில் வலு இருக்கிறதா என்று முதலில் சோதிப்பார்களாம். சோதனை என்றதும் உன் அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. காலமெல்லாம் லைசென்ஸ் ஆபீசில் வண்டி ஓட்டிக் காட்டச் சொல்லி ஊரையே ஃபெயில் போட்டவர் அல்லவா, "மறுபடி வா" என்று அவருக்குப் பட்டப்பெயரே வைத்திருந்தார்களே, உன்னையும் பள்ளிக்கூடத்தில் மறுபடிவா பொண்ணு என்று கூப்பிட்டு அழவைத்தார்கள். சட்டைக்கு இஸ்திரி போட்டு, ஷூவைத் துடைத்து, மாப்பிள்ளை மாதிரிதான் கிளம்பினார்.

முதலில் இதயம். ஓடும் மெஷினில் ஏற்றக் காலில் தெம்பு போதாது என்று படுக்கவைத்து, ஊசிவழியே மருந்து ஏற்றி, இதயத்தை மட்டும் ஓடவிட்டு ஸ்கேனில் பார்த்தார்கள். துடிப்பு இன்னும் ஏறணும், பத்தல என்று டாக்டரம்மா சொல்ல, இவர், "என் சம்சாரத்தை உள்ள கூப்பிடுங்க, தன்னால ஏறும்" என்றார். வெளியே நின்ற எனக்கே அதுவும் நர்ஸின் சிரிப்பும் கேட்டது. உள்ளே போய் முறைத்தேன். டாக்டரம்மா திரையைப் பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க வந்ததும் இறங்குது, கொஞ்சம் வெளிய இருங்க" என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்த ஒரே நற்சான்று அதுதான். பிறகு மருந்தைக் கூட்டிப் பார்த்து, இதயம் தாங்கும் என்றார்கள்.

அடுத்தது உடல்வலு. பயிற்சி கொடுக்கும் பெண், நம் குட்டிக்குச் சித்தி ஆகும் வயசுதான் இருக்கும், கையில் ஒரு கடிகாரம். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து சில தடவை எழுந்து உட்காரச் சொன்னாள். இவ்வளவுதானா என்று சிரித்தவர் கையை ஊன்றித்தான் எழுந்தார். "கை வெச்சா கணக்குல வராது சார்" என்றாள். மறுபடி முயன்று பாதியிலேயே பொத்தென்று விழுந்தார், நாற்காலி சரியில்லை என்றார், வேறு நாற்காலி வந்தது, அதுவும் சரியில்லை. கைப்பிடி வலுவைப் பார்க்கும் கருவியை அழுத்தச் சொன்னால் முள் அசையவில்லை, ரிப்பேர் என்றார், அந்தப் பெண் அழுத்தினாள், அது விர்ரென்று ஏறியது. ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை வைத்து நிற்கச் சொன்னதற்கு என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசியில் அவள் பக்குவமாக, "இப்போதைக்குப் பத்தல சார், உடம்பைத் தேத்திக்கிட்டு மறுபடி வாங்க" என்றாள். எனக்கு வந்த சிரிப்பை இருமலாக மாற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

டாக்சியில் ஏறியதும் ஷூ நாடாவைத் தளர்த்திக்கொண்டார். பிறகு, "அவ செஞ்சது சரிதான், நானா இருந்தாலும் பாஸ் போட்டிருக்க மாட்டேன். ஆனா நான் ஃபெயில் போட்டவன் பஸ்ஸைப் பிடிச்சு வீட்டுக்குப் போயிட்டான். நான் எதைப் பிடிக்கிறது?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது.

குற்றம் வாட்ஸப்பில் இருந்தது. கல்லீரலுக்கு ஓய்வு என்று யாரோ அனுப்பியதைப் படித்து முட்டை, பருப்பு, பால் எல்லாவற்றையும் நிறுத்தி, நான் கத்தக் கத்தக் கஞ்சியோடு நின்றுவிட்டார் இவர். உணவு ஆலோசகர் கேட்டுவிட்டு, "அது ஓய்வு இல்ல சார், பட்டினி. உடம்பு தன் சதையையே தின்னுக்கிட்டிருக்கு" என்றார். வயிற்றில் நீர் கோத்து உப்பியதைப் பார்த்துச் சொந்தக்காரர்கள் ஒரு சுற்றுப் பெருத்துவிட்டார் என்று பாராட்டியதும், அதை இவர் நம்பியதும் வேறு. அன்று முதல் உப்பைக் குறைத்து மற்றதைக் கூட்டிச் சமைக்கிறேன், படுக்கப்போகும் முன்னும் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும். டிவியில் விளம்பரம் வந்தால் எழுந்து எழுந்து உட்காருகிறார். ஆரம்பத்தில் பொத்துப் பொத்தென்று விழுந்ததில் கீழ்வீட்டு டிரம்ஸ்காரர், நாம் சத்தம் தாங்காமல் அத்தனை தடவை சண்டை போட்ட அதே மனிதர், "சார், சத்தம் தாங்கலை" என்று மேலே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் மனிதர் இரக்கப்பட்டு, தினமும் வந்து ஸ்பூனால் மேசையில் தாளம் போடுகிறார். "எழும்போது லேட்டாவுது சார், அடி விழும்போது நீங்க நின்னுருக்கணும்" என்று அதட்டல் வேறு. உன் அப்பா ஒரு மனிதனுக்கு அடங்கி நடப்பதை முதல்முறையாகப் பார்த்தேன்.

போன வாரம் மறுதேர்வு. கையை ஊன்றாமல் எழுந்தார், எழுந்தார், எழுந்துகொண்டே இருந்தார். பாஸ் என்று சொன்ன பெண்ணிடம், "சலுகை ஏதும் காட்டலையே?" என்று விசாரணை. "கடைசியில லேசா ஆடினீங்க, எழுதி வெச்சிருக்கேன்" என்றாள். அதுதான் அவருக்குப் பரம திருப்தி. டாக்டர்கள் கூடிப் பேசிப் பெயரைப் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள்.

இறந்தவர் யாருடைய கல்லீரலாவது இவருக்குப் பொருந்தினால் ஆஸ்பத்திரியிலிருந்து இனி எந்நேரமும் அழைப்பு வரலாமாம். நேற்று போன் அடித்ததும் "இதோ கிளம்பிட்டோம்!" என்று கத்திவிட்டு ஷூவை மாட்டிக்கொண்டார், பேசியது கிரெடிட் கார்டு விற்கும் பெண், பாவம் பயந்துபோய் வைத்துவிட்டாள். எனக்கோ, அந்த அழைப்பு சீக்கிரம் வரட்டும் என்று வேண்டவும் வாய் வரவில்லை, அது வருவதென்றால் எங்கோ ஒரு வீட்டில் அழுகை. நல்லது எதுவோ அது நடக்கட்டும் என்று மட்டும் நினைத்துக்கொள்கிறேன்.

ஆஸ்பத்திரிக்கென்று ஒரு பையைக் கட்டி வாசலில் வைத்திருக்கிறார். என்ன வைத்தாரோ என்று காலையில் திறந்து பார்த்தேன். என் பிரஷர் மாத்திரை, என் போர்வை, என் கண்ணாடி, நான் படிக்கும் வாரப் பத்திரிகை. அவருடையது ஒரு துண்டுகூட இல்லை. கேட்டதற்கு, "எனக்கு அங்கயே உடுப்புக் குடுப்பாங்க. வெளிய உக்காந்திருக்கப் போறது நீதானே" என்றார்.

நீ அவசரப்பட்டுக் கிளம்பி வராதே, அழைப்பு வந்தால் நானே சொல்கிறேன். போன் செய்தால் எடுத்ததும் "நான்தாம்மா" என்று முதலில் சொல், அவர் ஷூவைத் தேட வேண்டாம். மூவரும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனதோடும் இருக்க இருவரின் ஆசிகள். முட்டை சாப்பிடு.

இப்படிக்கு,
உன் அம்மா