ஆனைமலைக் கொட்டகையில் போட்ட கையெழுத்து

மேடம்,

இன்று காலை வங்கிக்குள் நுழைந்ததும் ஈரத் தென்னைநார் வாசம். ஆனைமலை சரோஜா வந்திருந்தார். தன் கயிறு கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த நான்கு பெண்களுக்குக் கணக்குத் தொடங்க அழைத்து வந்திருந்தார். "மேடம் போட்டோ ஒண்ணு குடுங்க சார், கம்பெனியில மாட்டோணும்" என்றார். நீங்கள் மறைந்து இரண்டு வருடமாகிறது.

அவருடைய முதல் கடன் விண்ணப்பத்தில் 'பரிந்துரைக்கவில்லை' என்று எழுதியவன் நான்தான். கணவரை இழந்தவர், ஈடு வைக்க நிலமில்லை, வாடகைக் கொட்டகையில் கயிறு திரிக்கும் பழைய மெஷின் ஒன்று. அந்தக் கொட்டகையைப் பார்க்காமலேயே எழுதியிருந்தேன். நாம் இருவரும் ஒரே வருடம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்; நீங்கள் மேலாளராகியிருந்தீர்கள். கோபப்படவில்லை. "வாங்க, ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்தரலாம்" என்றீர்கள்.

கொட்டகையில் நிலத்தைப் பற்றி நீங்கள் கேட்கவே இல்லை. "இன்னொரு மெஷின் வந்தா என்ன பண்ணுவீங்க?" என்றுதான் கேட்டீர்கள்.

"இன்னும் நாலு பேருக்கு வேலை குடுப்பனுங்க. ஆர்டர் இருக்குதுங்க, ஆளும் மெஷினுந்தான் பத்தல."

நார் மூட்டை மேல் காகிதத்தை வைத்து, என் குறிப்புக்குக் கீழே 'கடன் வழங்கலாம்' என்று எழுதிக் கையெழுத்திட்டீர்கள். திரும்பும் வழியில் சொன்னீர்கள்: "யாரோ சேத்து வெச்ச பணம் நம்மகிட்டச் சும்மா கெடக்குது. அதை உழைக்கிறவங்க கைக்குக் கொண்டுபோய்ச் சேக்கத்தானுங்க பேங்க்கு."

அடுத்த வருடம் விடாத மழை. நார் காயவில்லை, தவணைகள் நின்றன. மெஷினை எடுத்து வரச் சொல்லி மேலிடத்திலிருந்து போன் வந்தது. நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன்; நீங்கள் போனில் சொன்னீர்கள்:

"எடுத்துட்டு வந்தா நமக்குப் பழைய இரும்புதானுங்க சார் மிஞ்சும். அங்க ஓடுனா பத்துக் குடும்பம் சாப்பிடும், கடனும் திரும்பி வரும். அவகாசம் குடுங்க. நான் பொறுப்பு."

அவகாசம் கிடைத்தது. அந்த வருடம் உங்களுக்கு வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி யாரிடமும் நீங்கள் வாய் திறக்கவில்லை. வெயில் வந்தது, மெஷின்கள் ஓடின, சரோஜா மொத்தப் பாக்கியையும் கட்டி முடித்தார். இன்று அங்கே அறுபது பெண்கள் வேலை பார்க்கிறார்கள். உங்களோடு வேலை பார்த்தவன் என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

உங்கள் நாற்காலியில் இப்போது நான். மதியம் மரப்பட்டறை நடத்தும் பாய் ஒருவர் வந்தார். ஈடு ஒன்றுமில்லை என்று தயங்கினார்.

"நாளைக்கு நானே வாரேனுங்க. பட்டறையப் பாத்துட்டுப் பேசலாம்."

"மேனேஜர் நீங்களேவா வாரீங்க?"

"ஆமாங்க பாய். எங்க மேடம் அப்படித்தானுங்க போவாங்க."