ஓட்டல் சூப்பு

மாசி 18, திங்கள்

காலையிலேயே வெயில். திருவாமாத்தூர் பக்கம் மல்லாட்டைக் கொல்லையில் களை. எட்டு பேர். முதுகு போச்சு. வாய் மட்டும் போகவில்லை.

களையோடு வந்ததில் மடியில் கட்டியது: பண்ணைக்கீரை, குப்பைக்கீரை. வாய்க்கால் ஓரம் பொன்னாங்கண்ணி ஒரு பிடி. வரும் வழியில் புளியமரம் கொழுந்து விட்டிருந்தது. கை சும்மா இருக்குமா, அதிலும் ஒரு பிடி.

மேஸ்திரி: "இன்னாக்கா, களையப் புடுங்கச் சொன்னா வூட்டுக்கு வாரிக்கினு போற?"

"உங்க மொதலாளிக்கு வாணாங்கறதுதான்டா எங்களுக்கு. இது புதுசா?"

சிரித்தான். நானும்.

சாயங்காலம் மகள் கலா போன். ஏழாம் மாசம், இன்னும் வாந்தி. "எதுவும் எறங்கலம்மா. கீரைய மென்னா கொமட்டுது. நீ சொல்லுவியே, அந்த ஓட்டல் சூப்பு, வழவழன்னு. அதுன்னா குடிப்பேன்போல கீது."

பைபாஸ் ஓட்டலில் ரெண்டு வருஷம் காய் நறுக்கினேன். அடுப்புக்கிட்ட விடமாட்டார்கள். கண்ணால் பார்த்ததுதான். செய்யலாம்.

மாசி 19, செவ்வாய்

சூப்பு கெட்டது. புளியங்கொழுந்தையும் சேர்த்து அரைத்துவிட்டு மேலே பாலை ஊற்றினால்? திரிந்து, தண்ணி வேறு கட்டி வேறாக நின்றது. எங்க வீடும் சம்பந்தி வீடும் மாதிரி.

கலா விரும்பிக் கட்டிக்கொண்டாள். அவங்க நிலம் வைத்திருக்கிறவங்க. நாங்க அந்த மாதிரி நிலத்தில் களை எடுக்கிறவங்க. ரெண்டு வருஷம் ஆச்சு, சம்பந்தியம்மா என் கையால் ஒரு வாய் தண்ணி குடித்ததில்லை. நான் போனால் டீ உண்டு. பேப்பர் கப்பில். வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் டம்ளர். நான் விருந்தாளி ஆச்சே!

திரிந்ததை நானே குடித்தேன். புளிப்பு. பாலை வீணாக்க மனசு வரவில்லை.

மாசி 20, புதன்

வேலைக்குப் போகவில்லை. திரும்பவும் சூப்பு.

வெங்காயம், பூண்டு வெண்ணெயில். கீரை மூணும், முருங்கைக் கொழுந்தும். புளியங்கொழுந்துக்கு இடமில்லை. கிரீமுக்கு எங்கே போவது? ஓட்டலில் வேர்க்கடலை என்பார்கள், நம்ம மல்லாட்டைதான்; ஊறவைத்து நைசாக அரைத்து விட்டேன். பாலாடை ரெண்டு கரண்டி. மிளகு. வழவழவென்று வந்தது. ஓட்டல் மாஸ்டர் பார்த்தால் தற்கொலை செய்துகொள்வான்.

தூக்குவாளியில் ஊற்றி, துணி சுற்றி, திண்டிவனம் பஸ். மடியில் பிள்ளை மாதிரி.

சம்பந்தியம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்க. கலா ரெண்டு கிண்ணம் குடித்தாள். வாந்தி இல்லை. கண்ணில் தண்ணி. எனக்கு இல்லை, சொல்லிவிட்டேன்.

கேட் சத்தம். கலா மிச்சத்தை வீட்டுப் பாத்திரத்தில் கவிழ்த்துவிட்டு, தூக்கைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். என்னைப் பார்க்கவில்லை.

"இன்னா வாசனை, ஆளத் தூக்குது?"

"சூப்புங்க அத்தை. அவரு ஓட்டல்லருந்து வாங்கியாந்தாரு."

சம்பந்தியம்மா பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி ஒரு வாய் குடித்தாங்க. கண்ணை மூடினாங்க. "முந்திரி அரைச்சி ஊத்திக்கீறான். அந்த மாஸ்டர் கையில மோதரம் போடணும்."

நான் கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டேன். கீரை கிள்ளிய நகம், பச்சை போகவில்லை.

அப்புறம் எனக்கு டீ வந்தது. பேப்பர் கப்பு.

பஸ் ஏற்றிவிட வந்த கலா: "தப்பா எடுத்துக்காதம்மா. நீ செஞ்சதுன்னா கொட்டிடுவாங்க."

"இன்னாத்துக்கு தப்பா எடுத்துக்கறேன்? ஒரே நாள்ல எனக்கு ஓட்டல் வெச்சிக் குடுத்துட்ட."

அவள் சிரிக்கவில்லை. விழுப்புரம் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.

பங்குனி 2, திங்கள்

புழுக்கம். ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. புளிச்சோறு, எலுமிச்சைச்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு, சக்கரைப் பொங்கல் என்று விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். தாய் வீட்டுச் சோறு ஊட்டித்தானே வளையல் போடுவது. அக்கம்பக்கத்தில் பெரிய பாத்திரம்கூடக் கேட்டு வைத்தாயிற்று.

சம்பந்தியம்மாவே போன் செய்தாங்க. முதல் தடவை. "நீங்க சோறு கீறு ஒண்ணும் செய்ய வாணாங்க. வெயிலுக்குக் கெட்டுப்பூடும். எல்லாம் ஓட்டல்ல சொல்லிட்டோம். நீங்க சும்மா வந்துட்டுப் போங்க."

"சரிங்க."

பாத்திரத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "இன்னாக்கா, ஃபங்ஷன் கேன்சலா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "இல்ல, தாய் வூடு கேன்சல்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள்.

ராத்திரிக்குள் கலா போன். "அம்மா, அத்தைக்கு அன்னிக்கி குடிச்ச சூப்பே வேணுமாம். நாப்பது பேருக்கு."

"ஓட்டலையே கேளுடி."

"அம்மா."

என் சோறு வேண்டாம், என் சூப்பு வேண்டும். வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். பிள்ளைத்தாச்சி. தாய் வீட்டுது ஒரு வாயாவது உள்ளே போகட்டும், பின்வாசல் வழியாக என்றாலும். சரி என்றேன்.

பங்குனி 7, சனி

கீரைக்கு அலைச்சல். கொல்லையில் களை முடிந்துவிட்டது. ஏரிக்கரை, வாய்க்கால், சுடுகாட்டு வேலி ஓரம் வரை. ரெண்டு கோணிப்பை. காலில் முள். மல்லாட்டை நாலு படி ஊறுகிறது.

பங்குனி 8, ஞாயிறு

விடிகாலை அடுப்பு. மாப்பிள்ளை காரில் வந்தார், ஓட்டல் கேனோடு. நானே ஊற்றினேன்.

"பார்சலா சார், இல்ல இங்கியே சாப்பிடுறீங்களா?"

"அத்தை, என்னை மன்னிச்சிடுங்க."

நல்ல பிள்ளை. மன்னிப்பு கேட்பார். அம்மாவிடம் பேசமாட்டார்.

காரில் சூப்பு போனது. நான் பஸ்ஸில்.

கலா மணையில். கன்னத்தில் சந்தனம், ரெண்டு கையிலும் வளையல். அழகு. எனக்குச் செருப்பு விடும் இடத்துப் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலி. காற்று நல்லா வந்தது.

எல்லோருக்கும் பீங்கான் கிண்ணம். "எந்த ஓட்டலு? எந்த ஓட்டலு?" என்று ஒரே கேள்வி. சம்பந்தியம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கலா ரெண்டு கிண்ணம் குடித்தாள், பார்த்தேன்.

அப்புறம் சம்பந்தியம்மா என்கிட்டயே வந்தாங்க, சிரித்துக்கொண்டு. கையில் பேப்பர் கப்பு.

"குடிச்சிப் பாருங்க. இதெல்லாம் உங்க பக்கம் எங்க கெடைக்கப் போவுது?"

வாங்கினேன். கலா அங்கிருந்தே பார்த்துக்கொண்டிருந்தாள். வளையல் சத்தம் நின்றுவிட்டது.

குடித்தேன்.

"எப்பிடிக்கீது?"

"உப்பு ஒரு கல்லு கம்மிங்க."

"ஓட்டல் டேஸ்ட்டு அப்பிடித்தாங்க இருக்கும். பழகிக்கணும்."

உப்பு சரியாகத்தான் இருந்தது.