மூன்றாவது பந்து

என் லாரிக்காரருக்கு,

போனில் எனக்குப் பொய் சுலபமாக வருகிறது, அதனால் கடிதம்.

நுரையீரலில் ஒரு துண்டை வெட்டியெடுத்து ஒன்பது நாளாகிறது. "இந்த ஆபரேஷன்ல ஆம்பளைங்களைவிடப் பொம்பளைங்க சீக்கிரம் தேறிடுவாங்க" என்றார் டாக்டர். உடனே உங்களிடம் பீற்றிக்கொண்டேன்: "நீங்க வர வேணாம், எல்லா லோடையும் முடிச்சுட்டே வாங்க." நீங்களும் கேட்டுக்கொண்டீர்கள். இதற்கு முன் என்றைக்கு நான் சொன்னதைக் கேட்டிருக்கிறீர்கள்?

எதிரே ஆண்கள் வார்டில் கட்டிலுக்கு ஒரு மனைவி காவல். எங்கள் வார்டில் எட்டுக் கட்டில், எட்டுக் காலி நாற்காலி. நாங்கள்தான் சீக்கிரம் தேறிவிடுவோமே!

"உன் வீட்டுக்காரர் எங்கம்மா?" என்று பக்கத்துக் கட்டில் டீச்சர் கேட்டாள்.

"ரோட்டுல."

"என்னோடவர் வீட்டுலயேதான் இருக்கார். அதுக்கு ரோடே தேவலை" என்று சிரித்து, தையல் வலிக்க நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

மூச்சுப் பயிற்சிக்கு ஒரு குழாய் கொடுத்திருக்கிறார்கள். இழுத்து உறிஞ்சினால் மூன்று பந்துகள் எழும்ப வேண்டும். மூன்றும் எழும்பினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

நேற்று நர்ஸ் அந்தப் பக்கம் திரும்பியிருந்தபோது மூன்றும் எழும்பின. அவள் பார்க்கையில் இரண்டோடு நிறுத்திக்கொண்டேன். பூட்டிக் கிடக்கும் வீட்டை நானே போய்த் திறக்க மனசில்லை.

மூன்றாவதை, நீங்கள் வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் காட்டுகிறேன்.

இன்னும் தேறாத,
உங்கள் வீட்டுக்காரி