வெந்நீர்தான் ஊற்ற வேண்டும்

திக்வெல்ல,
வெசாக் பௌர்ணமிப் போயாவுக்கு மறுநாள்.

அன்புள்ள தம்பி தயாபாலவுக்கு,

மும்மணிகளின் காவல் ஒல்லாந்துக் குளிரிலும் உன்னோடு இருக்கட்டும். போனில் சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் அம்மாவின் காதில் விழும்.

உங்கள் செடிப் பண்ணைகளில் சதுப்பு மண்ணை விட்டுவிட்டு நம் தேங்காய்த் தும்புத்தூளுக்கு மாறுகிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அன்றிலிருந்து ஆலை முதலாளிக்கு வாயெல்லாம் பல். பழைய தூளில்தான் செடிக்கு ஆகாத உப்பு மழையோடு போயிருக்கும் என்று, ஆலைக்குப் பின்னால் கிடந்த தூள்மேட்டையே வெட்டச் சொல்லிவிட்டார். சலித்துக் கழுவிக் காயவைத்துக் கட்டிகளாக அழுத்தினோம். கலவர வருஷத்தில் நம் அண்ணனைப் பிடித்து ஏற்றிப்போன இராணுவ ஜீப் அன்று அந்த மேட்டருகே நின்றது என்று ஊர் குசுகுசுத்தது உனக்கு ஞாபகம் இருக்கும்.

அனுப்புமுன் ஒரு தட்டில் மிளகாய் விதை போட்டுப் பார்ப்போம் அல்லவா? முளைத்தது. ஆனால் எல்லா நாற்றுகளும் வெயிலுக்கு முதுகைக் காட்டி நம் வீட்டுப் பக்கம் சாய்ந்திருந்தன. தட்டைத் திருப்பி வைத்தேன். மறுநாள் பார்த்தால் மறுபடி நம் வீட்டுப் பக்கம். கூட வேலை செய்யும் மல்காந்தி, நம் வீட்டுச் சோற்று வாசம் பிடித்திருக்கும் என்று கேலி செய்தாள். நானும் சிரித்தேன்.

லொறி போன பிறகுதான் சல்லடையைத் தட்டினேன். நாரில் சிக்கிக் கிடந்தது ஒரு செப்புத் தாயத்து. அண்ணன் இடுப்பில் அம்மா கட்டியது. சின்ன வயதில் அவன் கடித்த பள்ளம்கூட மூடியில் இருக்கிறது.

சட்டைக்குள் ஒளித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா அண்ணனின் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தாள். இத்தனை வருஷமும் அதில் சோறு வைக்காத நாள் இல்லை. உயிரோடு இருப்பவனுக்கு எதற்குச் சாவுத் தானம் என்று பிக்குமாரையும் அழைக்க விட்டதில்லை. ஏன் கவிழ்த்தாய் என்று கேட்டேன்.

"அவன் இப்ப இங்க இல்லடி. கப்பல் ஏறிட்டான். தம்பிகிட்டப் போறான்."

சரக்கு ஒல்லாந்துக்கு என்று நான் வீட்டில் மூச்சு விட்டதில்லை, தம்பி. எனக்குப் பயமாக இருக்கிறது. தானத்துக்கு நாள் பார்க்கச் சொல்கிறாள், அவன் திரும்பி வந்த பிறகு என்கிறாள். அவள் உடம்பு அதுவரை தாங்க வேண்டும்.

இந்தக் கடிதம் கப்பலுக்கு முந்திக்கொள்ளும். நம் ஆலையின் மயில் முத்திரை போட்ட கட்டி வந்தால் வேறு யாரையும் தொடவிடாதே. முதலில் அண்ணா என்று ஒரு தடவை கூப்பிடு. பிறகு மெல்ல நனை. பச்சைத் தண்ணீர் வேண்டாம், அவனுக்கு மூக்கடைப்புப் பீனிசம் என்று உனக்குத் தெரியும். வெந்நீர்தான் ஊற்ற வேண்டும். ஊறி எழுந்ததும் ஒரு பிடி எடுத்துக்கொண்டு கிளம்பு.

நீங்கள் இரண்டு பேரும் பத்திரமாக வீடு வந்து சேருங்கள்.

உன் அக்கா,
சந்திராவதி