மிளகு கேட்ட குரல்

மகளுக்கு,

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். இனியும் இருந்தால், எனக்குச் சூடு சொரணை இல்லை என்று நீயும் உன் அம்மாவும் முடிவு கட்டிவிடுவீர்கள்.

உடம்பு நலம். சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது. உன் அறையில் கிளி இருக்கிறது.

உன் அம்மாவும் நானும் பிரிந்தபோது, யார் பக்கமும் நிற்க மாட்டேன், விடுதியில் தங்கிக்கொள்கிறேன் என்றாய். எனக்குக் கிடைக்காத நீ அவளுக்கும் கிடைக்கவில்லை என்று ஆறுதல் அடைந்தேன். அற்பமான ஆறுதல்தான், மறைக்கவில்லை. போகும்போது உள்ளங்கைக்குள் அடங்கும் இந்தப் பச்சைக் கிளியைக் கொண்டுவந்து வைத்தாய். “பாரட்லெட்னு ஒரு குட்டிக் கிளி ஜாதிப்பா. தனிக்குஞ்சு. ஒரே ஆள்கிட்டதான் ஒட்டும், அது நீங்களா இருக்கட்டும்” என்றாய். கண்ணைப் பார்த்து மிளகு என்று பெயர் வைத்தேன்.

அது வந்த புதிதில் எனக்கு முதுகைக் காட்டியே உட்கார்ந்திருந்தது. கையை நீட்டினால் ரத்தம் வரக் கடித்தது. விரலில் போட்டிருந்த கட்டைப் பார்த்துவிட்டு அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர், “என்ன சார், மறுபடியும் கல்யாணமா?” என்று கேட்டார். நீ சொல்லிக்கொடுத்தபடி, உள்ளங்கையில் தினையை வைத்துக்கொண்டு மாலைதோறும் கூண்டுக்குள் கையை அசைக்காமல் வைத்திருந்தேன். தோள் மரத்துப்போகும். சும்மா இருக்க முடியாமல் அதற்குப் பேப்பர் படித்துக் காட்டினேன். தலையங்கம் அதற்குப் பிடிக்கவில்லை. இரங்கல் விளம்பரங்களைத் தலை சாய்த்துக் கேட்டது.

ஒரு நாள் தானாகவே கையில் ஏறியது. பிறகு சட்டைப் பையில் தூங்கியது, மீசையைக் கோதியது. சாவிச் சத்தம் கேட்டாலே கத்தித் தீர்த்தது. நான் வீடு திரும்புவதில் ஒரு உயிருக்குச் சந்தோஷம் என்பதை நம்ப எனக்கே நாளாயிற்று.

போன ஞாயிறு நீ அழைத்தபோது அது என் தோளில்தான் இருந்தது. போனில் உன் குரலுக்குப் பின்னால் ஒரு கிறீச்சிடல். மிளகு என் காதைக் கீறிக்கொண்டு போனின் மேல் பாய்ந்து, பதிலுக்குக் கத்தியது. அந்தப் பக்கமும் கத்தல். என்ன சத்தம் என்றேன். டி.வி. என்றாய். அதே மூச்சில் உள்ளிருந்து உன் அம்மா, “அந்தக் கூண்டை மூடுடி, அவருக்குக் கேட்டுடப் போகுது!” என்றாள்.

கேட்டுவிட்டது.

ஆக, விடுதி இல்லை. தனிக்குஞ்சும் இல்லை. ஜோடியைப் பிரித்து ஆளுக்கு ஒன்றாகக் கொடுத்துவிட்டு, உன்னை மட்டும் அங்கேயே வைத்துக்கொண்டாய். விடுதிச் சாப்பாடு வாயில் வைக்க விளங்கவில்லை என்று வாராவாரம் புலம்பினாயே, அது யார் சமையல் என்று உன் அம்மாவிடமும் சொல். நான்தான் முட்டாள், அதைக் கேட்டுவிட்டு இங்கே ருசியாக எதையும் சமைத்துச் சாப்பிட மனம் வராமல் இருந்தேன்.

அன்றிலிருந்து மிளகு என் கைக்கு வருவதில்லை. போன் இருக்கும் மேசையையே பார்த்துக்கொண்டிருக்கிறது. தினையைத் தொடுவதில்லை. இத்தனை மாதம் பழகியதை ஒரு சத்தத்தில் உதறிவிட்டது. ஆனாலும் அதைத் திட்ட வாய் வரவில்லை. அது என்னிடம் பொய் எதுவும் சொல்லவில்லை.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மணி அடித்தாலே அது கம்பியில் மோதிக்கொள்கிறது.

வந்து எடுத்துக்கொண்டு போ. ஜோடியோடு இருக்கட்டும். ஆளை அனுப்பினால் கதவைத் திறக்க மாட்டேன், நீயே வா. அழைப்பு மணியை அடிக்காதே, அது பயப்படும். சாவி பழைய இடத்தில்தான் இருக்கிறது. சாப்பிடாமல் வா, நானும் சமைத்து நாளாகிறது.

கீழே வழக்கம்போல ‘அன்புடன் அப்பா’ என்று எழுதப் போன பேனாவைத் தூக்கிவிட்டேன். அதை எழுதினால் மேலே எழுதிய கோபமெல்லாம் பொய்யாகிவிடும். உறையில் உன் அம்மா வீட்டு முகவரியை எழுதியாயிற்று. கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.