அரை மயிரிழைக் கனிமம்

மார்ச் 4

என் மச்சினன் இன்று ஒரு புதுக் கனிமத்தைக் கண்டுபிடித்தான். உலகத்தில் இதுவரை யாரும் பார்க்காதது என்கிறான். மூடிய சுரங்கத்திலிருந்து, உலோகம் பிரித்து விற்க, நான் லாரி லாரியாக வாங்கிப் போட்ட கழிவுக் கல்லில் ஒரு துண்டு. பிசினில் பதித்து, தேய்த்து, கண்ணாடி மாதிரி மெருகேற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்திருந்தான்.

"அத்தான், வந்து பாருங்க. வெள்ளைக்குள்ள லேசா ஒரு ரோஸ் தெரியுதா?"

பார்த்தேன். ஒரு மண்ணும் தெரியவில்லை.

"எவ்வளவு இருக்கு?"

"மயிரிழையில பாதி."

"கிலோ கணக்குல கேட்டேன் மாப்ளே."

சிரிக்கவில்லை. பதினோரு வருஷமாக என் ஷெட்டில் உட்கார்ந்திருக்கிறான், என் ஜோக்குக்குச் சிரிக்க மட்டும் இன்னும் பழகவில்லை.

மார்ச் 11

வெள்ளியும் பல்லேடியமும் ஆன்டிமனியும் கலந்ததாம். பல்கலைக்கழகத்துப் பெரிய மெஷினில் பார்த்துவிட்டு வந்தான். இந்த விகிதத்தில் எந்தப் புத்தகத்திலும் இல்லையாம். சாப்பாட்டு மேசையில் பேச்சை நிறுத்தவே இல்லை. என் மனைவி தம்பியின் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாயை அப்படிப் பார்த்து எத்தனை வருஷம் ஆகிறது?

மார்ச் 12

விவரம் முழுக்கக் கேட்டுக்கொண்டேன். எந்தச் சந்தையானாலும் முதலில் விதிமுறை தெரிய வேண்டும்.

சர்வதேசக் கமிட்டி ஒன்று இருக்கிறது. கனிமத்தில் என்னென்ன இருக்கிறது, உள்ளே அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, எங்கே கிடைத்தது — எல்லாம் எழுதி அனுப்ப வேண்டும். ஓட்டெடுப்பு நடக்கும். பெயரை அனுப்புகிறவரே வைக்கலாம். தன் பெயரை மட்டும் வைக்கக் கூடாது. கல் மியூசியத்துக்குப் போய்விடும், திரும்பாது. அதற்குக் கல்லின் சொந்தக்காரர் கையெழுத்து வேண்டும். சொந்தக்காரன் நான்.

"கையெழுத்துதானே, போட்டாப் போச்சு" என்றேன். அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. இதற்கெல்லாமா அழுவார்கள்?

மார்ச் 20

அணு அடுக்கைப் பார்க்கும் எக்ஸ்ரே மெஷின் பேராசிரியர் ஒருவரிடம்தான் இருக்கிறது. கல்லோடு தன் நோட்டையும் மொத்தமாகக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான். படம், அளவு, எல்லாம்.

"ஜெராக்ஸ் எடுத்தியா?"

"எதுக்கு அத்தான்? அவர் பெரிய மனுஷன்."

என்னிடம் பழைய இரும்பு விற்கிறவன்கூட இப்படிச் செய்ய மாட்டான்.

ஏப்ரல் 2

மனைவி இப்போதுதான் விஷயத்தை மெல்ல அவிழ்க்கிறாள். கண்டுபிடித்தவன் என்று அவன் பெயர் வெளிவந்தால் மியூசியத்தில் அவனுக்கு வேலை. கற்களைப் பார்த்துக்கொள்கிற பதவி. பேசி வைத்துவிட்டார்களாம்.

"இன்னும் எத்தன வருஷம் உங்க ஷெட்டுல தூசி தின்னுக்கிட்டுக் கெடப்பான்?" என்கிறாள்.

தூசியா? யார் போட்ட சோறு? ஆராய்ச்சிய பாதியில விட்டுட்டு வாடான்னு கூப்பிட்டது நான்தான், இல்லேங்கல. நடுத்தெருவுலயா விட்டேன்? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. அக்காகிட்ட சொல்லியிருக்கான். போறானாம்! அவன் போயிட்டா எந்தக் குவியல்ல சரக்கு இருக்கு, எது வெறும் கல்லுன்னு எவன் சொல்றது? நானா?

ஏப்ரல் 3

இன்று நிதானமாக யோசித்தேன். போன வருஷம் அவன் காய்ச்சலில் படுத்த வாரம் என் கண்ணை நம்பி ஒரு குவியல் வாங்கினேன். ஷெட்டுக்குப் பின்னால் கிடக்கிறது. ஜல்லிக்குக்கூட எவனும் கேட்கவில்லை. அவன் கண்தான் என் வியாபாரம்.

கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் என்னை வெறுப்பான். வெறுத்தால் கிளம்பிவிடுவான். அவன் வேறு யாரையாவது வெறுக்க வேண்டும்.

ஏப்ரல் 9

பேராசிரியரே போன் செய்தார். "சார், கல்லு உங்களோடதுன்னு கேள்விப்பட்டேன். தனியா கொஞ்சம் பேசலாமா?" குரலிலேயே பசி தெரிந்தது.

ஏப்ரல் 10

பார்த்தேன். முடிந்தது.

ஜூன் 6

மச்சினன் வாரம் ஒருமுறை பேராசிரியருக்குப் போன் செய்கிறான். எக்ஸ்ரே இன்னும் சரியாக வரவில்லை என்று பதில். புதுச் சட்டை இரண்டு வாங்கி வைத்திருக்கிறான், மியூசியத்துக்கு.

செப்டம்பர் 18

கமிட்டி ஒப்புக்கொண்டுவிட்டது. விண்ணப்பம் பேராசிரியர் பெயரில். கனிமத்துக்கு அவருடைய வாத்தியார் பெயர்.

பேராசிரியர் அதைப் பற்றி வெளியிட்ட கட்டுரையை மச்சினன் மூன்று தடவை படித்தான். படம் அவன் எடுத்தது. அதில் அவன் போட்ட அம்புக்குறிகூட அப்படியே இருக்கிறது.

"என் பேர் அவருக்கு மறந்துபோயிருக்குமோ அத்தான்?"

இப்படியும் ஒருத்தன்.

பிறகு மெதுவாகக் கேட்டான்: "நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?"

"உன் வேலைன்னு சொல்லித்தான்டா வாங்கினான். அந்த இங்கிலீஷைப் படிக்க எனக்கென்ன தெரியும்?"

நம்பினான். தோளில் கை வைத்தேன்.

செப்டம்பர் 19

மனைவி நம்பவில்லை.

"கல்லு உங்களோடது, கையெழுத்து உங்களோடது. உங்களுக்குத் தெரியாமயா நடந்துச்சு?"

"நான் படிக்காதவன்டி."

"ஆமாமா. தராசுல ஈ உக்காந்தாக்கூட எடை சொல்ற படிக்காதவரு."

தட்டை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டாள். இன்றைக்கும் சாப்பாடு நன்றாகத்தான் இருந்தது.

நவம்பர் 4

மியூசியம் வேறு ஆளை எடுத்துக்கொண்டது. காலை ஒன்பதரைக்கு மச்சினன் வந்து ஷெட்டைத் திறந்தான். புதுக் குவியலிலிருந்து இருபது துண்டுகளைத் தேய்த்துப் பார்த்து, "இது வாங்கலாம். அது வேணாம்" என்றான். அவ்வளவுதான் பேச்சு. சொன்னது சரியாக இருந்தது. கண் அதே கண்.

ஏப்ரல் பத்தாம் தேதி பேராசிரியரோடு பேசி முடித்ததை வேறெங்கும் எழுத முடியாது, இங்கே எழுதுகிறேன். அவர் ஒரு நல்ல தொகை சொல்லித்தான் ஆரம்பித்தார். வேண்டாம் என்றேன். கனிமத்துக்கு உங்கள் பெயரையே வைக்கிறேன் என்றார். அரை மயிரிழைக்கு என் பெயரா, என் லாரியிலேயே அதைவிடப் பெரிதாக எழுதியிருக்கிறது என்றேன்.

"அப்போ என்னதான் சார் வேணும்?"

சொன்னேன். அவர் அதிலும் பேரம் பேசினார். "கட்டுரைக் கடைசியில அவருக்கு நன்றின்னு ஒரு வரியாவது போடலாமே? பாவம்."

"அதுலயும் வேண்டாம்."

கை கொடுத்தோம். கல் இலவசம். அவன் நோட்டும் இலவசம். என் மச்சினன் பெயர் எந்த இடத்திலும் வராது.